துரைமாரின் மீன்: ட்ரவுட்டும் மலையகமும்

மலையகத்தைப் பற்றிய பழைய ஆங்கிலக் கையேடுகளில் நுவரெலியா என்றதும் வரிசையாக வரும் சில விஷயங்கள் உண்டு. குதிரைப் பந்தயம், கோல்ஃப், ஸ்ட்ரோபெரி, பிறகு ட்ரவுட் மீன். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வளர்ந்த எங்களில் அநேகம் பேர் அந்த மீனைக் கண்ணால் கண்டதே கிடையாது. எங்கள் வீடுகளில் மீன் என்றால் நெத்தலிக் கருவாடு, டின் மீன், சம்பள வாரத்தில் டவுனுக்குப் போனால் கொஞ்சம் சாளை. மலையில் ஓடும் ஆற்றில் வளர்ந்த ஒரு மீனுக்கும் மலையில் வாழும் எங்களுக்கும் ஏன் இவ்வளவு தூரம்? கேள்வி சின்னதுதான். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் ஒரு விஷயம். ட்ரவுட் இலங்கை மீன் இல்லை. அதன் சொந்த ஊர் குளிர் நாடுகள். நீரின் வெப்பம் இருபது பாகைக்கு மேல் ஏறினால் திணற ஆரம்பித்துவிடும். கல்லும் சரளையும் நிறைந்த, காற்று நன்றாகக் கலந்து ஓடும், கலங்காத தண்ணீர் வேண்டும். அதனால்தான் பதுளை டவுனைச் சுற்றி ஓடும் பதுளு ஓயாவில் அதைத் தேடிப் பயனில்லை. பதுளை கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கும் குறைவு. ட்ரவுட் வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். பதுளையிலிருந்து கோச்சியில் ஏறினால் அப்புத்தளை, ஓகியா தாண்டி ஒரு சுரங்கம் வரும். அதற்கு இந்தப் பக்கம் ஊவா, அந்தப் பக்கம் மத்திய மாகாணம். இங்கே வெயில் அடிக்கும்போது அங்கே மழை கொட்டும். அந்த எல்லைக்கு மேலே, ஓகியாவிலிருந்து சுமார் 11 கிலோமீற்றர் ஏறினால் ஹோட்டன் சமவெளி, 2,100 மீற்றர் உயரம். ட்ரவுட் இன்றைக்கும் நீந்தும் ஓடைகள் அங்கே இருக்கின்றன. ஊவாத் தோட்டங்களின் தலைக்கு மேலேயே அந்த மீன் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தைக் கட்டுவது

1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவுக்கு வந்து ஓர் ஆங்கிலப் பண்ணையை உருவாக்க முயன்றார். ஆடு, மாடு, விதை, கருவிகள், வேலை தெரிந்த ஆட்கள் எல்லாவற்றையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார். ஹோட்டன் சமவெளியில் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான் இருக்கிறது. சமவெளியின் பெயரோ 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மொட் ஹோட்டனுடையது. சிங்களத்தில் அதற்கு முன்பே மகா எலிய தென்ன என்ற பெயர் இருந்தது. பெயரை மாற்றினார்கள், பூவை மாற்றினார்கள், மாட்டை மாற்றினார்கள். ஆற்றில் மட்டும் ஊர் மீன் இருந்தால் எப்படி?

இது இலங்கையில் மட்டும் நடந்த கதை இல்லை. 1864இல் நோஃபோக் என்ற கப்பலில், ஐஸுக்கும் பாசிக்கும் நடுவே அடுக்கிய மீன் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தன. அங்கே பொரித்த ட்ரவுட்தான் பிறகு நியூசிலாந்துக்கும் போனது. பிரித்தானியர் எங்கெல்லாம் குடியேறினார்களோ, அங்கெல்லாம் தங்கள் ஊர் மிருகங்களையும் மீன்களையும் பழக்க முயன்றார்கள். தங்கள் குழந்தைப்பருவத்து ஆற்றைச் சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோகிற மாதிரி ஒரு ஆசை அது.

இலங்கைக்கு முதல் ட்ரவுட் முட்டைகள் வந்தது 1882இல். கொண்டுவந்தவர் ஹபர்ட். அவை பழுப்பு ட்ரவுட் என்ற வகை. வானவில் ட்ரவுட் என்ற வகை சில ஆண்டுகள் கழித்து வந்தது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் உருவானது. பொரிப்பகம், ஓடைகளில் குஞ்சு விடுவது, அனுமதிச் சீட்டு என்று ஒரு முழு ஏற்பாடு வளர்ந்தது.

அந்த 1882ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். மலைக்கு ஏறிய ரயில் பாதை அப்போது நாவலப்பிட்டி வரைக்கும்தான். நானு ஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். அதாவது முட்டைப் பெட்டி ரயிலை விட்டு இறங்கிய பிறகும் மலைப்பாதையில் ஏற வேண்டியிருந்தது. வெயில் படக்கூடாது, குலுங்கக்கூடாது, ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். மலைப்பாதையில் சுமை ஏற்றுகிற வேலை அந்தக் காலத்தில் யாருடைய வேலை என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறக்குமதி செய்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஏறியவரின் பெயர் இல்லை.

அதே ஆண்டில் எங்கள் முன்னோர் வந்துகொண்டிருந்த வழி எது? மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடக்கும் வடக்குப் பாதை. கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்த வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்தப் பாதை மூடப்பட்டது 1899இல்தான். மீன் முட்டைக்கு ஐஸும் பாசியும் தேவை என்று தெரிந்திருந்த ஒரு நிர்வாகம், நடந்து வந்த மனிதருக்கு என்ன தேவை என்பதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு காலம் எடுத்தது.

ஈ என்கிற பொய்

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதில் ஏன் ஒரு வர்க்கமே மயங்கிக் கிடந்தது என்பது விளங்காது.

நாங்கள் சின்ன வயதில் போட்ட தூண்டிலில் ஒரு புழு இருக்கும், ஒரு மிதவை இருக்கும். மீன் புழுவைத் தின்ன வரும், மாட்டும். ஃப்ளையில் தின்பதற்கு ஒன்றுமே கிடையாது. சின்னக் கொக்கியில் இறகு, முடி, பட்டுநூல் எல்லாம் சுற்றி, தண்ணீரில் விழுந்த ஒரு பூச்சி போலச் செய்வார்கள். அதற்கு எடையே இல்லை, கையால் எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் கயிற்றைக் கனமாகச் செய்து, நீண்ட கம்பால் பின்னும் முன்னும் வீசி, கயிற்றின் வேகத்தில் அந்தப் பொய்ப் பூச்சியைத் தூரத்தில் கொண்டுபோய் மெதுவாக இறக்குவார்கள். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், மேலிருந்து மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூச்சி இயல்பாக மிதக்காமல் கொஞ்சம் இழுபட்டாலும் அது கண்டுபிடித்துவிடும். நிழல் பட்டாலும் ஓடிவிடும்.

உண்மையைச் சொன்னால் இது அழகான வித்தைதான். ஆற்றை வாசிக்கத் தெரிய வேண்டும், எந்தப் பூச்சி எப்போது பறக்கும் என்று தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். ஒரு முழுப் பகலை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும் இரவுச் சாப்பாடு மேசையில் இருக்கும் என்ற நிச்சயம் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் தங்கள் ஃப்ளைகளில் ஆசையாகக் கட்டிய இறகுகளில் ஒன்று தென்னிந்தியக் காட்டுச் சேவலுடையது. அதன் கழுத்து இறகில் மெழுகுத்துளி விழுந்தது போலப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். இந்தியாவிலிருந்து அந்த இறகுகள் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் போயின. ஆங்கில மீனைப் பிடிக்கிற ஆங்கில வித்தையிலும் எங்கள் பக்கத்துக் காடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

சீசன் என்ற சொல்

இங்கிலாந்தில் ட்ரவுட்டுக்கு ஒரு காலம் உண்டு. குளிர்காலத்தை ஒட்டி அது முட்டையிடும், அப்போது பிடிக்கக்கூடாது. வசந்தத்தில் பூச்சிகள் பறக்க ஆரம்பித்ததும் தூண்டில் வெளியே வரும். இலங்கையிலோ பகலின் நீளம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். பகல் சுருங்குவதுதான் ட்ரவுட்டுக்கு முட்டையிடும் நேரத்தைச் சொல்கிறது. அந்தக் குறிப்பு இங்கே கிடைக்காமல் போனது. பழுப்பு ட்ரவுட் இங்கே நிலைக்கவில்லை. வானவில் ட்ரவுட்தான் தாக்குப்பிடித்தது. அதற்கும் பொரிப்பகத்தின் கை தேவைப்பட்டது. நாட்காட்டியைக் கொண்டுவந்தவர்களால் பனிக்காலத்தைக் கொண்டுவர முடியவில்லை!

இங்கே உண்மையான நாட்காட்டி மழைதான். தென்மேல் பருவமழை கொட்டும்போது நுவரெலியாப் பக்க ஓடைகள் கலங்கிப் பெருகும். கலங்கிய நீரில் ஃப்ளை மீனின் கண்ணுக்குத் தெரியாது. அதே மாதங்களில் மலையின் இந்தப் பக்கம், ஊவாவில், கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும். யூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் புகழும் வாசம் ஏறுகிறது. ஏலத்தில் விலையும் ஏறும். அதுதான் ஊவா சீசன்.

அதே காற்றில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் சொன்ன கிலோ வராது, கிலோ வராவிட்டால் அரைப்பேர். துரைக்கு சீசன் என்றால் ஏல விலை, அல்லது ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய்க் கழிக்கும் விடுமுறை. மலையில் ஏறியவர்களுக்கு அதே சொல் வேறு கணக்கு. ஒரே மலை, ஒரே காற்று, ஒரே சொல். அதற்குள் இரண்டு வாழ்க்கை இருந்தது.

இன்னொரு முரண்பாடும் சொல்லத்தக்கது. ட்ரவுட்டின் முட்டை சரளைக் கற்களுக்கு இடையே கிடந்து, ஓடும் நீரிலிருந்து காற்றை வாங்கிப் பொரிக்க வேண்டும். மண் வந்து மூடினால் முட்டை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் சுரண்டிச் சுத்தமாக வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம். சுரண்டியோடு அதற்கென்றே ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். மழை வந்ததும் அந்த மேல்மண் முழுக்க ஓடைக்குள் போனது. மலையில் தெளிந்த ஆறு வேண்டும் என்று ஆசைப்பட்ட அதே தோட்ட வர்க்கம்தான் அந்த ஆற்றில் மண்ணையும் நிரப்பியது. ட்ரவுட் தேயிலை ஏறாத உச்சிக்கு ஒதுங்கிப் போனதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இந்த ஆறுகள் எங்களுக்கும் முன்பே வேறு ஆட்களுடையவை என்பதையும் மறக்கக்கூடாது. 1818இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது சிங்களக் கிராமங்களின் வயல்களும் குளங்களும் அழிக்கப்பட்டன. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் புல்வெளியும் அரசுக்குச் சொந்தம் என்றது. காடு அரசுடையதாகி, அரசு அதைத் தோட்டத்துக்கு விற்ற பிறகுதான் எங்கள் ஆட்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஆற்றை இழந்த கிராமமும், ஆற்றங்கரையில் லயத்தில் அடைக்கப்பட்ட தொழிலாளியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது, தூண்டில் போட்டவர் வேறொருவர்.

கடல் தாண்டிய மீனும் கடல் தாண்டிய மக்களும்

தமிழ்நாட்டில் நீலகிரியிலும் இதே ஆசை இருந்தது. 1863இலேயே பிரான்சிஸ் டே ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1900களின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார், மீன் பிழைத்தது. நீலகிரிக்குப் போன வானவில் ட்ரவுட்டில் ஒரு பகுதி இலங்கையிலிருந்து போனது. தமிழர்கள் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த காலத்தில் மீன் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 7 இலட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயரில்லை, ஊரில்லை, வெறும் தொகை. ஊவாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்றைக்கு டான்டீ என்று அழைக்கப்படுவது அதுதான். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் எங்கள் சொந்தக்காரர்கள் மறுபடியும் அதே கொழுந்தைப் பறித்தார்கள். இங்கே அவர்கள் 'இந்தியாக்காரர்'. அங்கே போனதும் 'சிலோன்காரர்'.

ஊவாவுக்கு மேலே இருந்த மீனும் ஊவாவில் இருந்த மக்களும் ஆளுக்கொரு காலத்தில் கடல் தாண்டிப் போய், அதே நீலகிரியில் சேர்ந்திருக்கிறார்கள். கொண்டுபோன விதம்தான் வேறு. மீனை அனுப்பியவர்கள் அங்கே தண்ணீர் குளிராக இருக்கிறதா, பிழைக்குமா என்று முதலில் பார்த்தார்கள்.

ஒப்பிடலாமா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை என்று எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். "ட்ரவுட்டும் வந்தது, நாமும் வந்தோம், ரெண்டு பேரும் ஒன்னு" என்று எழுதி முடிப்பது சுலபம். படிக்கவும் உருக்கமாக இருக்கும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது.

இன்றைக்குச் சூழலியலாளர்கள் ட்ரவுட்டை அந்நிய இனம் என்கிறார்கள். அது சரியான வார்த்தைதான். ஹோட்டன் சமவெளியின் குளிர் நீரில் மட்டுமே வாழும் ஒரு சின்ன இறால் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பூச்சி, இறால், தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும் ஒரு மீனை அந்த மாதிரி ஓடையில் விடுவது பாதிப்பில்லாத விளையாட்டு இல்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி அதே சமவெளியின் புல்லை விழுங்கிக்கொண்டிருப்பதும் எல்லாருக்கும் தெரியும். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆன இடம் அது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது அதுவும் சேர்ந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் 'அந்நிய' என்ற அதே வார்த்தை மனிதர் மேல் ஒட்டப்பட்ட வரலாறு எங்களுடையது. மீனை மனிதரோடு ஒப்பிட ஆரம்பித்தால், மனிதரையும் மீன் போல 'வந்த இனம்' என்று பேச வழி திறந்துவிடும். மீனுக்கு உரிமை கேட்கத் தெரியாது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது எங்கள் பாட்டன் பாட்டிகள் வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள், சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், சட்டம் பறித்த குடியுரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் விடாமல் கேட்டார்கள். ட்ரவுட் இந்த மலையைத் தன் வசதிக்கு ஏற்ற உயரத்தில் மட்டும் பயன்படுத்தியது. எங்கள் ஆட்கள் 700 மீற்றரிலும் இருந்தார்கள், 2,000 மீற்றரிலும் இருந்தார்கள், வசதி எங்கேயும் இருக்கவில்லை.

ஆகவே நாங்கள் ஒப்பிடுவது மீனையும் மனிதரையும் இல்லை. ஒரே ஆட்சி இரண்டு பேருக்கும் காட்டிய கவனத்தைத்தான் ஒப்பிடுகிறோம். 1896இல் மீனுக்கு ஒரு கழகம் வந்தது. அதைக் கண்டபடி பிடிக்க முடியாது, சீட்டு வேண்டும், காலம் இருக்கிறது, அளவு இருக்கிறது. அதன் இருப்பு எழுத்தில் பதிவானது. அதே மலையில் உழைத்தவர்களுக்கு அந்தக் கவனத்தில் ஒரு பங்கு கிடைக்க எத்தனை தலைமுறை ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கும் லயத்து முகவரிக்குக் கடிதம் ஒழுங்காக வருவதில்லை என்று சொல்கிற தோழர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

இனி என்ன

ஹோட்டன் சமவெளியில் இருக்கும் ஃபார் இன் கட்டிடம் ஒரு காலத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வந்த துரைமார் தங்கிய இடம். தோமஸ் ஃபார் என்பவரின் பெயர் அதற்கு. இப்போது அது பார்வையாளர் நிலையம். காட்டைப் பற்றியும் மிருகங்களைப் பற்றியும் அங்கே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கட்டிடத்துக்குத் தண்ணீர் சுமந்தவர், விறகு வெட்டியவர், துரையின் தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடை ஓரமாக நடந்தவர் பற்றி எழுத வேண்டியது நாங்கள்தான்.

பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. ஓகியா, பொரலந்தை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் எண்பது வயது தாண்டிய அம்மாச்சிமாரும் தாத்தாமாரும் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஓடையில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள், ஆத்துக் காவல் யார் பார்த்தது, அந்த மீனுக்கு லயத்தில் என்ன பெயர், இரவில் யாராவது ஒளித்துப் பிடித்தார்களா, பிடிபட்டால் என்ன நடந்தது, வறுத்தால் எப்படி இருந்தது. இந்த வருடக் கடைசி விடுமுறையில் இந்தக் கேள்விகளோடு அந்தப் பக்கத்து லயங்களுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கோத்தகிரியில் சொந்தக்காரர் இருக்கும் தோழி ஒருத்தி, அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.